"அடுத்தது யார்?" என்று பட்டியல் போடுவது: இதில் தப்பு இருக்கிறதா, இல்லையா?

மழைக்குருவி:

எங்கள் கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வழக்கம். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆளுக்குப் பத்து பிரபலங்களின் பெயரை எழுதிக் கொடுப்பார்கள், இந்த வருடம் இறந்துபோவார்கள் என்று. நூறிலிருந்து இறந்தவரின் வயதைக் கழித்தால் வருவதுதான் மதிப்பெண். 95 வயதுக்காரர் போனால் 5, நாற்பது வயதுக்காரர் போனால் 60. நான் இரண்டு வருடம் விளையாடியிருக்கிறேன், ஒரு வருடம் ஜெயித்தும் இருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

போன வருடம் அப்பா பத்தொன்பது நாள் ஐசியூவில் இருந்தார். பன்னிரண்டாம் நாள் சொந்தக்காரர் ஒருவர் குடும்பக் குழுவில் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டுவிட்டார். யாரோ சொன்னார்களாம், இவர் நம்பிவிட்டாராம். அப்பா அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து என்னிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் தம்பி ரயிலில் வந்துகொண்டிருந்தான். செய்தியைப் பார்த்திருக்கிறான், அப்புறம் சிக்னல் போய்விட்டது. இரண்டு மணி நேரம் அப்பா இல்லை என்று நினைத்துக்கொண்டே வந்திருக்கிறான். வார்டு வாசலில் அவன் நின்ற விதம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அப்பா நான்கு மாதம் கழித்துத்தான் இறந்தார். தம்பியோ இரண்டு தடவை அழவேண்டி வந்தது.

அப்புறம் 2025 நவம்பர் 11ஆம் தேதி தர்மேந்திரா இறந்துவிட்டதாகப் பெரிய பெரிய ஊடகங்களிலேயே செய்தி வந்தது. மகளும் மனைவி ஹேமமாலினியும் அவர் உயிரோடு இருக்கிறார் என்று வெளியே சொல்ல வேண்டியதாகிவிட்டது. இதை மன்னிக்கவே முடியாது என்று ஹேமமாலினி எழுதினார். அவர் உண்மையில் இறந்தது 24ஆம் தேதி. நடுவில் பதின்மூன்று நாள். அந்த வீட்டில் அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தபோது, எங்கள் குழுவில் யாரோ ஒருவர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது ஞாபகம் வந்தது. மதிப்பெண் 11.

இந்த வருடம் நான் பட்டியல் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். சம்பந்தப்பட்டவருக்குத் தெரியவே போவதில்லை என்றால் இது யாரையும் புண்படுத்தாத விளையாட்டா?

கணக்குப்பிள்ளை:

அக்கா, அப்பா விஷயம் கேட்டு வருத்தமாக இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறீர்களோ என்று தோன்றுகிறது. உங்கள் சொந்தக்காரர் செய்தது தப்பான செய்தியைப் பரப்பியது. நண்பர்கள் நாலு பேர் பட்டியல் போடுவது ஒரு கணிப்பு. ஒருவர் சாகவேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்வதில்லை.

நானும் இப்படி ஒரு குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். உண்மையாகச் சொல்கிறேன், எங்கள் வீட்டில் சாவு என்ற வார்த்தையையே யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். எனக்கு அதைப் பற்றிச் சாதாரணமாகப் பேச முடிந்தது அந்தக் குழுவில்தான். எல்லோரும் ஒருநாள் போகிறவர்கள்தான், அதைச் சொல்வதில் என்ன குற்றம்?

பழந்தாள்:

இது புதிய விளையாட்டு இல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தனக்குச் சம்பந்தமே இல்லாத பிரபலங்கள் பெயரில் ஆயுள் காப்பீடு எடுப்பது ஒரு சூதாட்டமாகவே நடந்தது. ஒரு அமைச்சர் நோயில் படுத்தால் அவர் உயிர்மேல் பாலிசி போடுவார்கள், உடம்பு மோசமாக மோசமாகப் பிரீமியம் ஏறும். இது தாங்காமல்தான் 1774இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஒருவர் உயிரோடு இருப்பதில் உனக்கு உண்மையான அக்கறையோ நஷ்டமோ இருந்தால் மட்டும்தான் அவர்மேல் காப்பீடு எடுக்கலாம் என்று. இன்றைக்கும் காப்பீட்டில் அந்த விதிதான் அடிப்படை. அதற்கும் முன்னால் 1591இல் போப் பதினான்காம் கிரிகோரி, ஒரு போப் எத்தனை நாள் பதவியில் இருப்பார் என்று பந்தயம் கட்டினால் திருச்சபையிலிருந்தே நீக்கம் என்று ஆணை போட்டார்.

அந்தக் காலத்து ஆட்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று சொல்லவில்லை. ஒருவர் சாவில் எனக்கு லாபம் வந்தால் அவர் பிழைப்பது எனக்கு நஷ்டமாகிவிடும், அவ்வளவுதான் அவர்கள் கண்டுகொண்டது. கணக்குப்பிள்ளை சொல்கிற குழுவில் பணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் டிசம்பர் கடைசி வாரம் இரண்டு மதிப்பெண் குறைவாக இருக்கும்போது பட்டியலில் உள்ளவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்ற செய்தியைப் பார்த்தால் மனசு என்ன செய்யும்? அதைக் கேட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் எனக்குப் பிடிக்காத பதில்தான். யோசிக்கிறேன்.

இரவுப்பணி:

செய்தி டெஸ்க்கில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சு வந்தால் "நீங்கள் மட்டும் உயிரோடு இருக்கும்போதே இரங்கல் எழுதி வைக்கவில்லையா" என்று யாராவது கேட்பார்கள்.

ஆமாம், வைக்கிறோம். உலகம் முழுக்க வைக்கிறார்கள். எலிசபெத் டெய்லர் 2011 மார்ச்சில் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட இரங்கல் கட்டுரையை எழுதிய மெல் குஸ்ஸோ 2005இலேயே இறந்துபோயிருந்தார். எழுதியவர் போய் ஆறு வருடம் கழித்துத்தான் எழுதப்பட்டவர் போனார். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு பெரிய வாழ்க்கையை ராத்திரி பதினொன்றரைக்கு, அச்சுக்குப் போக இருபது நிமிடம் இருக்கும்போது எழுதினால் தப்பும் தவறுமாகத்தான் வரும். முன்னாலேயே உட்கார்ந்து, விசாரித்து, தேதிகளைச் சரிபார்த்து எழுதுவது அந்த மனிதருக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நான் நினைக்கிறேன். அப்படி எழுதும்போது அவர் எப்போது போவார் என்று யோசிக்க நேரமிருக்காது, எப்படி வாழ்ந்தார் என்பதுதான் மண்டையில் ஓடும்.

ஆனால் அதைப் பூட்டி வைக்கத் தெரியவேண்டும். 2003இல் சிஎன்என் தளத்தில் முன்கூட்டியே தயாரித்த இரங்கல் பக்கங்கள் வெளியே தெரிந்துவிட்டன. மண்டேலா, காஸ்ட்ரோ, போப் இரண்டாம் ஜான் பால் எல்லோரும் அதில் இருந்தார்கள், அனைவரும் உயிரோடு. 2008 ஆகஸ்டில் புளூம்பெர்க் ஸ்டீவ் ஜாப்ஸின் இரங்கலைத் தவறுதலாக வெளியிட்டது. அதே வருடம் அக்டோபரில் அவருக்கு மாரடைப்பு என்று யாரோ ஒரு பொய்யை இணையத்தில் போட, ஆப்பிள் பங்கு சரசரவென்று இறங்கியது. நடிகர் பாப் ஹோப் விஷயம் இன்னும் மோசம். 1998இல் ஒரு செய்தி நிறுவனத்தின் தயார்நிலைக் கட்டுரை தவறி வெளியே வந்து, அமெரிக்க நாடாளுமன்றத்தில் எழுந்து அவர் மரணத்தை அறிவித்தேவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தார், நூறு வயது வரை.

எங்கள் டெஸ்க்கில் ஒரு விதி இருந்தது. குடும்பமோ மருத்துவமனையோ வாயைத் திறந்து சொல்லாமல் வெளியிடக்கூடாது. "எல்லோரும் போட்டுவிட்டார்கள்" என்பது உறுதிப்படுத்தல் ஆகாது. ஏனென்றால் அந்த "எல்லோரும்" ஒரே ஒரு ஆளைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். ஒருமுறை நான் அந்த விதியை மீறினேன். யார் விஷயத்தில் என்று சொல்லமாட்டேன். நாற்பது நிமிடம் செய்தி தளத்தில் இருந்தது. மறுநாள் அவர் மகன் அலுவலகத்துக்குப் போன் செய்தார். கத்தவே இல்லை. "அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நேர்கோடு:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் எதிர்ப்பக்கத்தையும் எழுதுகிறேன். விளையாட்டை நான் ஆதரிக்கவில்லை, அது அருவருப்புதான். ஆனால் "பிரபலங்களின் உடல்நிலையைப் பற்றிப் பேசவே கூடாது, குடும்பம் சொல்லும்வரை காத்திரு" என்பதை எல்லோருக்கும் பொருத்தினால் ஆபத்து.

1919 அக்டோபரில் அமெரிக்க அதிபர் வில்சனுக்குப் பக்கவாதம் வந்தது. மனைவியும் மருத்துவரும் சேர்ந்து அதன் தீவிரத்தை மறைத்தார்கள். 1921 மார்ச்சில் பதவிக்காலம் முடியும்வரை, அரசை யார் நடத்துகிறார் என்று மக்களுக்குத் தெளிவாகத் தெரியாது. நம்மிடமே 2016 இருக்கிறது. செப்டம்பர் 22இலிருந்து டிசம்பர் 5 வரை, 75 நாள், பதவியில் இருக்கும் முதல்வர் ஜெயலலிதா மருத்துவமனையில். ஒரு புகைப்படம் கிடையாது. வதந்தி பரப்பியதாகச் சிலரைக் கைதுகூடச் செய்தார்கள். டிசம்பர் 5 மாலையில் சில சேனல்கள் இறந்துவிட்டார் என்று சொல்லி, மருத்துவமனை மறுத்து, நள்ளிரவுக்குப் பிறகு உண்மையான அறிவிப்பு வந்தது. அப்போது ஊகம் செய்தவர்களை எல்லாம் ரசனை கெட்டவர்கள் என்று சொல்லமுடியுமா? கையெழுத்துப் போடுகிறவர் சுயநினைவோடு இருக்கிறாரா என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. தகவலை அடைத்து வைத்தால் வதந்திதான் பெருகும், உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மழைக்குருவி:

நேர்கோடு, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். ஆட்சியில் இருப்பவர்கள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அங்கே கேள்வி "அதிகாரம் யார் கையில்" என்பது, அதற்குப் பதில் சொல்லவேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்த்துக் கேட்கிறோம்.

ஒரு நடிகர் மெலிந்துபோனால் யாரைப் பார்த்து என்ன கேட்கிறோம்? சாட்விக் போஸ்மன் 2020இல் ஒரு வீடியோ போட்டார், ஆள் பாதியாக இருந்தார். கீழே எத்தனை பேர் என்னென்ன எழுதினார்கள்! போதை என்றார்கள், படத்துக்காக என்றார்கள், கேலி செய்தார்கள். 2016லிருந்தே அவருக்குக் குடல் புற்றுநோய் இருந்திருக்கிறது, சிகிச்சைக்கு நடுவில்தான் அத்தனை படம் நடித்திருக்கிறார். அந்த ஆகஸ்டில் 43 வயதில் போய்விட்டார். அதற்கப்புறம் அதே ஆட்கள் "எங்களுக்குத் தெரியாதே" என்றார்கள். தெரியாது என்பதுதானே வாயை மூடிக்கொள்ளக் காரணம்?

பிரிட்டன் இளவரசி கேட் மிடில்டன் விஷயமும் அப்படித்தான். 2024 ஜனவரியில் அறுவை சிகிச்சை, பிறகு வெளியே வரவில்லை. இரண்டு மாதம் உலகமே துப்பறிந்தது. இறந்துவிட்டார் என்றுகூட எழுதினார்கள். குடும்பம் வெளியிட்ட படம் திருத்தப்பட்டது என்று தெரிந்ததும் அது ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. அந்தப் படத்தைத் திருத்தியது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மார்ச் 22இல் அவர் கேமரா முன்னால் உட்கார்ந்து புற்றுநோய் என்று சொன்னபோது, குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்ல நேரம் தேவைப்பட்டது என்றார். மூன்று சின்னக் குழந்தைகள். அந்த நேரத்தைத்தான் நாம் பிடுங்கிக்கொண்டிருந்தோம். நானும் அந்தப் படத்தை ஜூம் செய்து பார்த்தவள்.

வெள்ளைத்தாழ்வாரம்:

நான் செவிலியர். ஒரு பெரிய மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது ஊருக்கே தெரிந்த முகம் ஒருவர் அனுமதிக்கப்பட்டார். அந்த வாரம் எனக்கு வந்த போன்கள்! பள்ளியில் கூடப் படித்து, பத்து வருடமாகப் பேசாத தோழி போன் செய்து, "எப்படி இருக்கே" என்று கேட்டாள். அடுத்த வாக்கியமே "அவர் போயிட்டாராமே, உண்மையா?" நான் தெரியாது என்றேன். "அப்போ போயிட்டார்னுதான் அர்த்தம்" என்று அவளே முடிவு கட்டி யாருக்கோ சொல்லிவிட்டாள். மௌனத்தைக்கூடச் செய்தியாக்குகிறார்கள், நாங்கள் என்னதான் செய்வது?

இன்னொன்று. நோயைப் பற்றித் தெரிந்தவர்களே பார்க்காத நோயாளியைப் பற்றிச் சொல்லக்கூடாது என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு பத்திரிகை, வேட்பாளர் கோல்ட்வாட்டரின் மனநிலை பற்றி, அவரைப் பார்த்தே இராத மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டுப் போட்டது. அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் விதியாகவே எழுதிவிட்டது, நேரில் பரிசோதிக்காத பொது ஆளைப் பற்றி நோய்க் கருத்து சொல்லாதே என்று. படித்தவர்களுக்கே அந்தக் கட்டு என்றால் போட்டோவைப் பார்த்து நாள் குறிக்கிறவர்களை என்ன சொல்ல?

இறந்த பிறகும் இதே கதைதான். ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் தற்கொலை செய்துகொண்டார். மன அழுத்தம், பணக்கஷ்டம், பழைய போதைப் பழக்கம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது மூளையை அரிக்கும் லூயி பாடி நோய். அவர் மனைவி 2016இல் ஒரு நரம்பியல் இதழில் தானே உட்கார்ந்து எழுதி உலகத்துக்கு விளக்கவேண்டியிருந்தது. இன்னும் கனமான விஷயம், அவர் இறந்த பின் அந்த வருடக் கடைசி வரை அமெரிக்காவில் எதிர்பார்த்ததைவிட 1,841 தற்கொலைகள் அதிகமாக நடந்தன, கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுதல் என்று 2018இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. செய்தியைச் சொன்ன விதம் மட்டும்தான் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் "எப்படி, எதனால்" என்று விவரமாக அலசுவது எங்கேயோ தனியாக உட்கார்ந்து படிக்கிற ஒருவரைத் தொடலாம் என்று தெரிந்த பிறகும் நாம் ஏன் நிறுத்தவில்லை? படிக்கிறவர்களில் யாருக்காவது அப்படி ஒரு எண்ணம் இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே பேசுங்கள், உதவி எண்களைக் கூப்பிடுங்கள், தயங்காதீர்கள்.

கடைசிபெஞ்ச்:

நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இரண்டு வருடம் ஒரு யூடியூப் சேனலுக்குத் தம்ப்நெயில் செய்துகொடுத்தேன். "சற்றுமுன்", "கதறி அழும் குடும்பம்", "மருத்துவமனையில் இருந்து வந்த அதிர்ச்சித் தகவல்". டெம்ப்ளேட் ஒன்றுதான், கறுப்பு வெள்ளைப் படம், மாலை, ஓரத்தில் மெழுகுவர்த்தி. பெயரையும் முகத்தையும் மட்டும் மாற்றுவேன். உள்ளே போய்ப் பார்த்தால் அவர் இறந்தார் என்று எங்கேயும் இருக்காது, ஏதோ பழைய பேட்டியைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். அதனால் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் ஒரு பழைய நடிகர் பற்றிய வீடியோவுக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருந்தார். "தாத்தா என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறார். பாட்டிக்குக் காலையிலிருந்து போன் நிற்கவில்லை. தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள்." நான் முதலாளிக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். "கமெண்ட் வந்தால் நல்லதுதானே, ரீச் ஏறும், விடு" என்றார். அது மூன்று நாள் அப்படியே இருந்தது, அந்த மாதத்தில் அதிகம் பார்க்கப்பட்டது அதுதான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள், நாங்கள் வீடு எரியாமலேயே எரிகிறது என்று கத்திப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டுதான் வேலையிலிருந்து நின்றேன். வாங்காமல் வந்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

நேர்கோடு:

கடைசிபெஞ்ச், இதை எழுதியதற்கு நன்றி.

மழைக்குருவி சொன்ன "பதில் சொல்லவேண்டிய ஆள்" என்ற பிரிவு எனக்குப் பயன்படுகிறது, ஆனால் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். இறந்த பிறகு வரும் கேள்விகள்? மரணத்தில் மர்மம் இருந்தால்?

இரவுப்பணி:

இருந்தால் விசாரணை கேட்கலாம், கேட்கவேண்டும். ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள். 2018 பிப்ரவரியில் ஸ்ரீதேவி துபாயில் இறந்தார். தவறி நீரில் மூழ்கியதாகத் தடயவியல் சொல்லி, மூன்றே நாளில் அங்கே வழக்கை முடித்தார்கள். அதற்குள் இங்கே சேனல்களில் குளியல் தொட்டி கிராபிக்ஸ், ஒரு நிருபர் தொட்டிக்குள்ளேயே இறங்கிப் படுத்துக் காட்டினார். இரண்டு மகள்கள் அவருக்கு, அவர்கள் வீட்டில் யாராவது அந்த டிவியை அணைத்திருக்கவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

2020 ஜூனில் சுஷாந்த் சிங் இறந்தபோது மாதக்கணக்கில் தினமும் ஒரு கொலைக் கதை. அவருடைய காதலி ரியா சக்ரவர்த்தியை ஸ்டூடியோவில் உட்கார்ந்தே குற்றவாளி ஆக்கினார்கள். ரியா போதைப்பொருள் வழக்கில் கைதாகி ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் இருந்தார். கொலை இல்லை என்று எய்ம்ஸ் மருத்துவர் குழு அந்த அக்டோபரிலேயே சொன்னது. 2025 மார்ச்சில் சிபிஐ வழக்கை முடித்து அறிக்கை கொடுத்தது. ஐந்து வருடம். அந்தக் கதைகளைச் சொன்னவர்களில் எத்தனை பேர் அதே சத்தத்தில் திருத்தம் சொன்னார்கள்?

பழந்தாள்:

சட்டம் பற்றி ஒரு வரி. இறந்தவர்மேல் அவதூறு சொன்னால் வழக்கே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய தண்டனைச் சட்டம் 499இன் விளக்கத்திலேயே இருக்கிறது, இறந்தவரைப் பற்றிச் சொன்னது அவர் உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் என்றால், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கமும் இருந்தால், அதுவும் அவதூறுதான். இப்போதைய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு. "குடும்பத்தார்" என்ற சொல் 1860லேயே அந்தப் பக்கத்தில் வந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:

இரண்டு நாளாக யோசித்தேன். பழந்தாள் கேட்ட டிசம்பர் கேள்விக்குப் பதில்: போன வருடம் டிசம்பர் 29ஆம் தேதி ஒரு செய்தியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அவர் பிழைத்ததும் சலித்துக்கொண்டேன். அவர் பாட்டைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

எங்கள் குழுவில் பேசினேன். இரண்டு பேர் உடனே பட்டியலை அழித்துவிட்டார்கள். ஒருவர் கோபப்பட்டார், "நீதான் ஆறு வருடமாக மதிப்பெண் போட்டவன், இப்போது எங்களுக்குப் பாடம் எடுக்கிறாயா" என்று. அவர் கேட்டதும் நியாயம்தான். மற்றவர்கள், நோயில் இருப்பவர்களையும் எழுபதுக்குக் கீழே உள்ளவர்களையும் எடுத்துவிடலாம், தொண்ணூறு தாண்டியவர்கள் மட்டும் இருக்கட்டும் என்கிறார்கள். அது பரவாயில்லையா அக்கா?

மழைக்குருவி:

ஹாலிவுட் நடிகர் கிர்க் டக்ளஸுக்கு 97 வயது இருக்கும்போது, 2014இல், ஒரு பத்திரிகையின் தளத்தில் இரங்கல் தவறி வெளியானது. அவர் 103 வரை இருந்தார். ஐந்து வருடத்துக்கு மேல். எங்கள் அப்பாவுக்குக் கிடைத்த நான்கு மாதத்தில் அவர் பேத்திக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "ஹாண்டிலைப் பார்க்காதே, எதிரே பாரு" என்று கத்திக் கத்தி. தொண்ணூறு தாண்டியவர் வீட்டிலும் அப்படி யாராவது இருப்பார்கள். அதனால் பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் இன்று ராத்திரி எழுதப்போகிறேன். உங்கள் பதிவுகளில் சிலவற்றை அங்கே பகிரலாமா? கடைசிபெஞ்ச், முக்கியமாக உங்களுடையது. வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

கடைசிபெஞ்ச்:

பகிருங்கள் அக்கா. சம்பளம் வாங்கினேன் என்ற வரியை மட்டும் வெட்டாதீர்கள்.